செல்வம் அண்ணையை மலையில் மறந்துவிட்டு வந்த கதை

செல்வம் அண்ணை செத்துப்போனார். நேற்றுக் காலை, ஸ்பிரிங்வேலில் அவர் வாடகைக்கு இருந்த அறையில். ஹார்ட் அட்டாக்.

எங்கள் ஸ்னோ ட்ரிப் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அதற்கும் கீழே ஒருவர், "சனிக்கிழமைக்கு ஆர் ஆரிட்ட வீல் செயின் இருக்கு?"

கேட்டவரைத் திட்டமாட்டேன். இந்த வாரம் மலையில் நல்ல பனி கொட்டியிருக்கிறது, டயருக்குச் சங்கிலி கட்டாமல் ஏறமுடியாது. நானும் வெதர் பார்த்துவிட்டுத்தான் செய்தியைப் பார்த்தேன்...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணையும் நானும் டண்டினோங்கில் ஒரு மீன் தொழிற்சாலையில், ஒரே ஃபிரீசரில் பெட்டி அடுக்கியவர்கள். எனக்கு விசா சரிவந்தது, மனைவி பிள்ளைகள் வந்தார்கள். அவருக்குக் கடைசிவரை சரிவரவில்லை. மனைவியும் மகளும் பருத்தித்துறையில். மகளை அவர் கடைசியாக நேரில் பார்த்தபோது அவளுக்கு நாலு வயது.

வாரம் முழுக்க ஃபிரீசரில் நிற்கிற மனுஷன் லீவு நாளிலும் பனிக்கு வருகிறாரே என்று கிண்டலடிப்பேன்.

"அது மனேஜரின்ர குளிர் தம்பி. இது எங்கட குளிர்."

லேக் மவுன்டன் பனிமலைக்குப் போன முதல் வருடம் எங்களில் ஒருவரிடமும் சரியான பூட்ஸ் இல்லை. அண்ணை ஒரு கட்டு ஷொப்பிங் பை கொண்டுவந்திருந்தார். கார் பார்க்கில் குந்தியிருந்து, எல்லாருடைய சொக்ஸுக்கு மேலும் அவர்தான் பையைச் சுற்றிக் கட்டிவிட்டார். இஞ்சினியர்மாரும் வெட்கமில்லாமல் காலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நானும்தான்.

மீன்பெட்டி மூடியில் குந்தியிருந்து பனியில் சறுக்குவார். பிள்ளைகளைவிடப் பெரிதாகக் கத்துவார். மற்றவர்கள் கார் பொனட்டில் ஸ்னோமேன் செய்துவைத்தால், இவர் பிள்ளையார் செய்வார். மலையிறங்கி லிலிடேல் வருவதற்குள் தும்பிக்கை போய்விடும். அப்போதும் வழியெல்லாம் ஆட்கள் எங்களுக்கு ஹோர்ன் அடித்துக் கைகாட்டுவார்கள்.

இன்று எல்லாரும் போட்டிபோட்டுப் பகிர்கிற கதை வேறு. அவரை மலையில் மறந்துவிட்டு வந்த கதை. அதற்குச் சிரிப்பு ஸ்மைலி வேறு போட்டிருக்கிறீர்கள்.

ஐந்து வாகனம். புறப்பட்டு வந்து, கீழே ஒரு பேக்கரியில் நின்று ரீ குடிக்கும்போது ஆட்களைச் சரிபார்த்தோம். "எங்கட ஆக்கள் ஓகே." "எங்கட ஆக்களும் ஓகே." குடும்பம் குடும்பமாக எண்ணினோம். எல்லாக் குடும்பமும் சரியாக இருந்தது. அண்ணை எந்தக் குடும்பத்திலும் இல்லை.

ஒவ்வொருவரும் அவர் மற்றவன் காரில் என்று நினைத்துவிட்டோம். இதுதான் கதை. எத்தனை பேர்த்டே பார்ட்டியில் இதைச் சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்போம், அவரையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு!

"பிழை என்ர. ரொய்லெட்டுக்குப் போறன் எண்டு சொல்லாமப் போயிட்டன்," என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நான் மறக்கவில்லை.

அன்று காலையில் அவர் என் காரில்தான் வந்தார். கார் வாங்கி இரண்டு வாரம். வெள்ளை லெதர் சீட். பிள்ளையாரைக்கூட என் பொனட்டில் வைக்கவிடவில்லை, பெயின்ட் கீறும் என்று சொல்லி எங்களோடு வந்த நண்பன் ரவியின் வானுக்கு அனுப்பினேன். பின்னேரம் அவர் ரொய்லெட் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். சறுக்கும்போது எங்கேயோ பள்ளத்தில் விழுந்திருக்கிறார். இடுப்புவரை சேறும் பனித்தண்ணீரும். கையை உயர்த்திக் காட்டினார்.

காரின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் காரை எடுத்தேன்.

மனைவி கேட்டாள், "செல்வம் அண்ணை எங்க?"

"அவர் பிள்ளையாரோட ரவியின்ர வானில வாறாராம்," என்றேன்.

பேக்கரியில் எண்ணும்போதாவது சொல்லியிருக்கலாம். மீட் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

லிலிடேலில், சார்ஜ் போட்டபடி என் காரிலேயே அவர் விட்டுவிட்ட ஃபோன் அடித்தது. திரையில் மகளின் படம். ஃபோன் இங்கே இருக்கிறது என்று சொல்ல மனைவி ரவிக்கு எடுத்தாள். "அவர் உங்கட காரில எல்லோ?" என்றான் அவன். ரவிதான் வானைத் திருப்பிக்கொண்டு போனான். நான் போகவில்லை. பிள்ளைகளுக்கு நாளைக்கு ஸ்கூல் என்றேன்.

ரவி போய்ச் சேரும்போது இருட்டத் தொடங்கிவிட்டதாம். டிக்கெட் கொடுக்கிற கொட்டிலில், யாரோ கொடுத்த போர்வையோடு நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். "ஆக்களில்லாத ஸ்னோவ இண்டைக்குத்தான் பாத்தன், நல்ல வடிவு," என்று சொன்னாராம்.

மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் வேலைக்கு வந்தார். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்டார், "கார் ஊத்தையாகேல்லைத்தானே தம்பி?"

"இல்லை அண்ணை."

"அது காணும் தம்பி, போதும்."

ஆனால் அதற்குப் பிறகு அவர் என் காரில் ஏறவேயில்லை. மழையில் ஸ்டேஷனுக்கு நடப்பார். நான் பக்கத்தில் நிறுத்திக் கூப்பிட்டால், "நடக்கிறது உடம்புக்கு நல்லம், நீர் போம்," என்பார். ஒருநாளும் கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு அடி தந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

என் மனைவிக்கும் இது இப்போதுதான் தெரியவரும். உத்தமர், தங்கமான மனுஷர் என்று எழுதுகிறவர்கள் எழுதுங்கள். அவர் அப்படித்தான். நாங்கள்தான் அப்படியில்லை.

அவரோடு நெருங்கிப் பழகியவன் என்று ஊருக்கு ஃபோன் எடுத்துப் பேசுகிற பொறுப்பை என்னிடம் தந்தார்கள். இன்று மத்தியானம் எடுத்தேன். மகள்தான் பேசினாள். வளர்ந்துவிட்டாள், அழாமல் பேசினாள்.

"அப்பா உங்களோடதான் ஸ்னோவுக்குப் போறவர் எண்டு எப்பவும் சொல்லுவார். அவரைத் தனிய விடாமப் பாத்துக்கொண்டதுக்கு நன்றி அங்கிள்."

"ஓம் பிள்ளை," என்றேன்.

போயிட்டு வாங்கோ அண்ணை.