அக்குளோடு நின்றவை

ஆவடி வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறவளை என்னவென்று சொல்வது? வெள்ளானூரில் கலைவாணியைப் பார்த்து ஆளாளுக்குச் சிரித்தார்கள். மார்கழியிலும் ஃபேன் போடாமல் தூங்காத ஊர் இது. என்ன செய்வது, அவளுக்குத் தெரிந்த கைவேலை அது ஒன்றுதான். கணவன் பரந்தாமன் பட்டாளத்தில் லாரி ஓட்டினான். பஞ்சாபில், பதான்கோட்டில் குவார்ட்டர்ஸ் கிடைத்த முதல் குளிர்காலத்தில், பல் தந்தியடிக்கப் போர்வைக்குள் சுருண்டு கிடந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணை எழுப்பி உட்காரவைத்து, பக்கத்து வீட்டு பிம்லா அவள் கையில் இரண்டு ஊசியும் ஒரு உல்லன் பந்தும் கொடுத்தாள்.

பிம்லாவின் பாடத்தில் புத்தகம் கிடையாது, டேப் கிடையாது. ஊசியில் கண்ணி ஏற்றி, கீழிருந்து வரிசை வரிசையாகப் பின்னிக்கொண்டு வர வேண்டியது. அக்குள் மட்டம் வந்ததும் ஊசியோடு அப்படியே கொண்டுபோய், போடப்போகிறவரின் முதுகில் வைத்துப் பார்க்க வேண்டியது. அகலம் போதுமா, கைக்கு எங்கே குறைக்கணும், தோள் எவ்வளவு, எல்லாம் அந்த முதுகு சொல்லும். முதுகைப் பார்க்காமல் அக்குளைத் தாண்டாதே. பாடம் அவ்வளவுதான். கலைவாணி அதை வைத்துக்கொண்டே பதினாறு வருஷத்தில் நாற்பது உருப்படிக்கு மேல் முடித்தாள். பட்டாளத்துக் குழந்தைகள் பாதிப் பேர் அவள் கைவேலையைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனார்கள்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார்கள். பரந்தாமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டியாகப் போனான். வந்த எட்டு வருஷத்தில் கலைவாணி ஆறு ஸ்வெட்டர் ஆரம்பித்தாள். ஒன்றையும் முடிக்கவில்லை. வெள்ளை பெயின்ட்டில் கணவனின் பட்டாள நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் ஆறும் கிடந்தன, ஆறும் அக்குளோடு நின்றவை. பச்சை, மகன் தமிழ்வாணனுடையது. புனேயில் வேலை கிடைத்துப் போன பிள்ளை தீபாவளிக்கு இரண்டு நாள் வருவான், அந்த இரண்டு நாளும் முதுகைக் காட்டி நிற்க அவனுக்கு நேரம் இருக்காது. ஊதா, அக்கா கோமளாவுக்கு. அப்பா நிலத்தில் மனை பிரித்தபோது வாய்த்தகராறு வந்து பேச்சு நின்றுபோனது, ஊதாவும் நின்றுபோனது. மஞ்சள், எதிர் ஃபிளாட் சுரேகாவின் குழந்தைக்கு. அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு.

யாராவது கேட்டால், "ஆளு இல்லாம எப்டிம்மா அளவு பாக்கறது?" என்பாள். அது பாதி உண்மை. எதிர் ஃபிளாட் குழந்தையைக் கூப்பிட எத்தனை அடி நடக்க வேண்டும்? கூப்பிடவில்லை. வடக்கே இருந்தபோது குளிர் கழுத்தில் கை வைத்து வேலை வாங்கியது. இங்கே ஒருத்தருக்கும் அது தேவையில்லை. ஊசியைக் கையில் எடுத்தால் ஒரு வரிசைக்குள், யாருக்கு இது என்ற சலிப்பு வந்துவிடும். பெட்டியை மூடிவிட்டு டிவி போடுவாள். தான் சோம்பேறியாகிவிட்டோம் என்று அவளுக்கே தன் மேல் வெறுப்பு. பிறகு அந்த வெறுப்பும் பழகிப்போய், டிரங்குப் பெட்டி மேல் இஸ்திரிக்குப் போகும் துணியை அடுக்கி வைத்தாள்.

போன வருஷம் பரந்தாமனுக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. சர்க்கரை எப்போது வந்ததென்றே தெரியாமல் வந்து உள்ளே தன் வேலையை முடித்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு ஆட்டோவில் ஆவடிக்குப் போக வேண்டும், எடை பார்க்க வேண்டும், இடது கையில் ஊசி ஏற்றி நாலு மணி நேரம் படுக்க வேண்டும். கலைவாணி வெளியே பெஞ்சில் இருப்பாள். முதல் நாள் எடை எழுபத்தெட்டு. அது எழுபது ஆனது, அறுபத்துநாலு ஆனது. அதற்கப்புறம் அவன் எடைமேடையில் ஏறும்போது அவள் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் திரும்பி வரும் ஆட்டோவில் அவன் சொன்னான். "உள்ள செம குளுரு கலை. ஏசிய கொறைக்க முடியாதாம், மிசினுக்காவாது. ரெண்டு போர்வ குட்த்தாலும் தோளு வெலவெலன்னு கீது. எனக்கு ஒண்ணு போட்டு வச்சிருந்தியே, அத்த முடிச்சுக் குடேன்."

எட்டு வருஷத்தில் ஒருத்தர் வாயைத் திறந்து ஸ்வெட்டர் கேட்டது அதுதான் முதல் தடவை.  அடுத்த முறை ஆவடிக்குப் போனபோது கலைவாணி நர்ஸ் சபீனாவிடம் கேட்டாள்.

"போடலாம்கா. லெஃப்ட் கை மட்டும் ஃபுல்லா தெரியணும். ஊசி எடம் மூடவே கூடாது," என்றாள் சபீனா.

இடது பக்கம் கையே வைக்காவிட்டால் போயிற்று. வீட்டுக்கு வந்து இஸ்திரித் துணியைத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். நாலு வருஷத்துக்கு முன் ஆரம்பித்த மெரூன் கலர் முதுகு, அக்குள் வரை வந்து ஊசியிலேயே இருந்தது. நூற்றுப்பத்துக் கண்ணி. பரந்தாமன் குளித்துவிட்டுச் சட்டை போடாமல் கட்டிலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஆடாம இருங்க," என்று முதுகில் வைத்தாள்.

இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் வெளியே தொங்கியது. நடுவில் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. தினம் அந்த முதுகுக்கு எண்ணெய் தடவுகிறவள்தான், தேய்த்துவிடுகிறவள்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததைக் கை காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு துண்டு உல்லன் ஒரே நொடியில் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இன்னா, சரியா கீதா?" என்றான் அவன், திரும்பாமல்.

"கரீட்டா கீது," என்றாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. பிரித்துவிட்டு முதலிலிருந்து போட்டிருக்க வேண்டும். பிம்லாவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் செய்திருப்பாள். கலைவாணிக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பிரித்தால், அந்த ஆள் இனிமேல் இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உடம்பு தேறும், சதை போடும், எத்தனை பேருக்குத் தேறவில்லை? இப்படிச் சொல்லிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, முதுகைக் கேட்காமல் அக்குளைத் தாண்டினாள். அந்தப் பழைய முதுகு அவளுக்கு மனப்பாடம். எடை தூக்கி அகன்ற தோள். அதற்கே குறைத்தாள், அதற்கே கழுத்து வைத்தாள்.

போன ஊக்கம் அத்தனையும் திரும்பி வந்ததுதான் வேடிக்கை. ஆஸ்பத்திரி பெஞ்சில் நாலு மணி நேரமும் ஊசி நிற்காது. பக்கத்தில் காத்திருக்கிற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள், ஒருத்தி தனக்கும் ஒன்று கேட்டாள். சோறு வடிக்கிற நேரத்தில்கூட வாசற்படியில் நின்று ஒரு வரிசை போட்டாள். தமிழ்வாணன் போனில், "இன்னாம்மா, கொரலே மாறிக்கீது?" என்று கேட்டான். சந்தோஷமாக இருந்தாள், உண்மையாகவே இருந்தாள். பின்னிக்கொண்டிருக்கும் வரைக்கும் எழுபத்தெட்டு கிலோ பரந்தாமன் அவள் மடியில் இருந்தான்.

பத்தொன்பதாவது நாள் முடிந்தது. மறுநாள் காலை, ஊசி ஏற்றுவதற்கு முன், டயாலிசிஸ் அறை வாசலில் வைத்து அவளே போட்டுவிட்டாள்.

ஸ்வெட்டர் அவனை விழுங்கிவிட்டது. தோள் முழங்கைக்கு இறங்கியது. கழுத்து ஒரு பக்கம் சரிந்து நெஞ்செலும்பைக் காட்டியது. கையில்லாத இடது பக்கத்து ஓட்டை இடுப்பு வரை திறந்து கிடந்தது. பெஞ்சில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சபீனா முன்பக்கத்தை மடித்து இரண்டு சேஃப்டி பின் குத்தி, அவனை உள்ளே கூட்டிப்போனாள். கலைவாணி பெஞ்சில் உட்கார்ந்தாள். நாலு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்தவன், "குளுரல," என்றான்.  வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்காரவைத்ததும் அவள் உடைந்துபோனாள்.

"நான் பாழாப் போனவ. அன்னிக்கே பிரிச்சிருக்கணும். உங்கள இப்டி நாலு பேரு முன்னாடி நிக்க வச்சிட்டேனே."

"எனக்குத் தெரியும் கலை."

"இன்னா தெரியும்?"

"அன்னிக்கு முதுவுல வச்ச பாரு, ரெண்டு பக்கமும் தொங்கி வெலாவுல உரசுச்சு. உல்லன் குத்தாதா? கரீட்டா கீதுன்னு நீ சொன்ன. சரி, அவ சொல்றாளேன்னு உட்டுட்டேன். நீ பின்னிகினு இருந்ததப் பாக்கறப்போ, தேறிடுவனோன்னு எனக்கே தோணிச்சு."

அவள் அவன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒரு வருஷத்தில் அவன் எதிரே அழுதது கிடையாது. அவன் தடுக்கவில்லை. அவள் ஓய்ந்ததும், மெரூன் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னான். சட்டையையும் கழற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"வேற நூலு கீதில்ல?"

"தமிழு பச்சை கீது. பிரிச்சா வரும்."

"அப்போ அளவு எடு. இப்போ கீற அளவு. நெஜமா சொல்லு."

டேப் அந்த வீட்டில் கிடையாது. கலைவாணி கையை விரித்து முதுகின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு வைத்தாள். ஒரு சாண், இன்னொரு சாண், அதற்கு மேல் இடமில்லை. மறுபடி வைத்தாள். இந்தத் தடவையும் அதேதான். கை அங்கேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. உள்ளே மூச்சு போய்வருவது விரலுக்குத் தெரிந்தது.

"எம்பத்தெட்டு கண்ணி," என்றாள். "அது போதும்."

"முன்ன எவ்ளோ?"

"நூத்திப் பத்து."

அவன் தலையை ஆட்டினான். "இத மட்டும் பாதில உட்டுடாத," என்றான்.

அவள் பச்சையின் நுனியைத் தேடிப் பிடித்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.