படகின் நெற்றி

ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவரில், கறுப்பு வெல்வெட்டில் பொன்னிற அரபு எழுத்துகள் படகாக வளைந்திருந்ததைப் பார்த்ததும், சித்தியவான் பக்கம் இன்று வெறும் செம்பனை மரங்களாகிவிட்ட எங்கள் ரப்பர் தோட்டமும், கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்து மணக்கும் அதன் ஒரே கடையும், நானா என்று நாங்கள் கூப்பிட்ட முஸ்லிம் கடைக்காரர் காலையில் முதல் வேலையாகத் துடைக்கும் இதே போன்ற கண்ணாடிப் படமும் திரும்பி வந்தன.

அந்தக் கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்த அம்மா, ஓர் ஆயுத பூஜையன்று தராசுக்கும் கத்திக்கும் குங்குமப் பொட்டு வைத்தவள், அந்தப் படகுக்கு நெற்றி எங்கே என்று வெகுநேரம் தேடி, கடைசியில் கண்ணாடியின் நடுவிலேயே ஒன்று வைத்துவிட்டாள். தொழுதுவிட்டு வந்த நானா அதைப் பார்த்தபடி நின்றார். அம்மாவுக்கு வேலை போயிற்று என்று பயந்து நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது சாமி படம் இல்ல தங்கச்சி, அல்லாவோட பேரு. பேருக்கு நெத்தி ஏதுலா?"

சிரித்துக்கொண்டே கண்ணாடியை மட்டும் துடைத்தார்.

அடுத்த வருஷம் அதே நாளில், தராசை அவரே அம்மாவிடம் நகர்த்தினார்.

"இதுக்கு வை தங்கச்சி. போன வருசத்துப் பொட்டு அழிஞ்சுபோச்சு."