டிப்போ மைதானத்தில் அத்தை காற்று வாங்கியது

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும் என்று சர்க்காருக்கு மனுப் போட்டவர் என் நைனாதான். அதை எதிர்த்த ஒரே ஆள் அவருடைய தங்கை, என் அத்தை. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றைத் தின்றுகொண்டே அந்தச் சண்டையைப் போட்டார்கள்.

இராயபுரத்தில் அப்போது எங்களுக்கு வாய்த்த விளையாட்டு மைதானம், துறைமுகத்துக்குப் போகும் ரயில் தண்டவாளம். முன்பு கடற்கரை என்று ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். துறைமுகச் சுவர் கட்டிய பிறகு கடல் எங்கள் பக்கம் ஏறி வந்து மணலையெல்லாம் தின்றுவிட்டது. மிஞ்சியது கருங்கல்லும் அலையும்தான். எதிர்வீட்டுப் பையனின் கால் கூட்ஸ் வண்டியில் போன பிறகுதான் பெரியவர்களுக்கு உறைத்தது. தெருக்கோடியில் அவ்வளவு பெரிய சர்க்கார் நிலம் மதில் எழுப்பிப் பூட்டிக் கிடக்கிறதே, அதைத் திறந்துவிட்டால் என்ன என்று நைனா ஆரம்பித்தார்.

அந்த நிலத்துக்கு டிப்போ என்று பெயர். பிஜித் தீவுக்கும் நேட்டாலுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிய காலத்தில், கப்பல் வரும்வரை அவர்களை அடைத்து வைத்த இடம். தெருப் பக்கம் ஒரு கதவு, கடல் பக்கம் ஒரு கதவு. தெருக் கதவு வழியாக உள்ளே போனவர்கள் கடல் கதவு வழியாகப் படகேறிப் போனார்கள். கூலிக் கப்பல் நின்று, டிப்போவைப் பூட்டி, கூரையைப் பிரித்துக் கொண்டுபோன பிறகும், எங்கள் தெருப் பெண்கள் அந்த மதிலோரம் நடக்கும்போது குழந்தையை இடுப்பின் மறுபக்கம் மாற்றிக்கொள்வார்கள். அது ஏன் என்று கேட்டால் அடிதான் விழும்.

எங்கள் வீட்டுக்கு அந்த இடத்தோடு தனி வழக்கு ஒன்று இருந்தது. அத்தையின் புருஷன், அதாவது என் மாமா, டிப்போவுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர். நல்ல சம்பளம், வயிறு நிறையச் சோறு என்று சொல்லி எங்கள் தெருப் பையன்கள் பலரை உள்ளே கொண்டுபோய் விட்டவர். கடைசியில் அத்தையின் தம்பியையே, என் சித்தப்பாவையே, கப்பலேற்றிவிட்டார். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. ஒரு நாள் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் துடைப்பமும் கல்லுமாக வீட்டை வளைத்துக்கொண்டார்கள். மாமா பின்பக்கமாக ஓடி டிப்போவுக்குள் புகுந்தார். அதற்கப்புறம் அவரைப் பார்த்தவர்கள் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பு நடந்த கதை இது. அவரும் கப்பலேறிவிட்டார் என்று சிலரும், உள்ளே இருந்த கிணற்றில் விழுந்து செத்தார் என்று பலரும் சொன்னார்கள். செத்தார் என்று சொல்லிக்கொள்வதில் தெருவுக்கு ஒரு திருப்தி இருந்தது.

அத்தை மட்டும் தினமும் குளித்துவிட்டு, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொள்வாள். "உள்ள போனாரு. செத்தத யாரு பாத்தாங்க?" என்பாள். பூட்டிய கதவு அவளுக்கு ஒரு வசதி. கதவைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டால், பொட்டைத் துடைக்கச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதெல்லாம் அப்போது எட்டவில்லை. நாங்கள் விளையாடுவது இவளுக்கு ஏன் பொறுக்கவில்லை என்று அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

சர்க்கார் திறந்துவிட்டது. ஒரு வெள்ளைக்காரத் துரை நாடா வெட்டினார். தலைப்பாகை கட்டிய ஒரு அதிகாரி, திறந்த வெளியும் சுத்தமான காற்றும் ஏழை ஜனங்களின் உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று விஸ்தாரமாகப் பேசினார். ஊஞ்சல் கட்டியிருந்தார்கள், பெஞ்சு போட்டிருந்தார்கள், காவலுக்கு ஒரு ஆளும் வைத்திருந்தார்கள். எல்லாரும் கைதட்டினோம். யாரும் உள்ளே போகவில்லை. பொதுமக்களுக்கென்று திறந்த மைதானத்தில் முதலில் காற்று வாங்கியவை ஆடுகள்தான். மானம் போகிறதே என்று நைனா என்னையும் இன்னும் சில பிள்ளைகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "போன கதவாலதான் திரும்பி வரணும். கடல் கதவாண்ட போன, கால ஒடச்சிருவேன்."

உள்ளே கூரை இல்லாத நீளமான கொட்டகைகள் நின்றன. சிமெண்டுத் தரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. பாண்டி ஆட எங்களுக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, சில்லை எறிந்து நொண்டியடித்தோம். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஆள் படுக்கிற அளவு என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சுவரில் வரிசையாக வட்டக் கறைகள் இருந்தன. சாய்ந்து உட்கார்ந்தவர்களின் தலை எண்ணெய் ஊறிய கறை. பெரியவர்கள் உயரத்தில் நிறைய, நடுநடுவே எங்கள் உயரத்தில் சில. ஒன்றில் என் தலையை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. பகலெல்லாம் வெயில் பட்ட சுவர்தான், ஆனாலும் யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றி, உட்கார்ந்த இடத்தைவிட்டுத் துள்ளி எழுந்தேன்.

பொழுது சாய்ந்ததும் மைதானத்தை மூடுவதற்குக் காவல்காரர் மணி அடித்தார். உள்ளே கிடந்த பழைய மணியையே மாட்டியிருந்தார்கள், கப்பலுக்கு ஆள் கிளம்பும்போது அடித்த மணி. அந்தச் சத்தம் கேட்டதும் தெருவில் வயதான பெண்கள் எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். எதற்கு வந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒருத்தி மட்டும் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நாங்கள் அவர்களைத் தாண்டி வீட்டுக்கு ஓடினோம்.

கொஞ்ச நாளில் பயம் தெளிந்தது. ஒரு சாயங்காலம், உருண்டுபோன சில்லைத் தேடிக்கொண்டு அம்மா சொன்னதையும் மறந்து கடல் கதவுப் பக்கம் போய்விட்டேன். அந்தக் கதவு துருப்பிடித்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வெளியே அலை வந்து மோதும்போதெல்லாம் அது முனகியது. கடைசிக் கொட்டகையின் சுவரோரம் ஒரு ஆள் தலையோடு துப்பட்டி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய தலை ஒரு கறையில் சரியாகப் பொருந்தியிருந்தது.

"யாரு வூட்டுப் பொண்ணு நீ?" என்றார்.

நைனா பெயரைச் சொன்னேன். துப்பட்டிக்குள் ஒரு அசைவு.

"உங்க அத்த இன்னும் பொட்டு வெச்சிகினு கீதா?"

தலையை ஆட்டினேன். அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா, இருமலா, அழுகையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அந்த நேரம் மணி அடித்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினேன்.

அத்தை மீன் அலசிக்கொண்டிருந்தாள். செத்துப்போன ஒருத்தர் உன் பொட்டைப் பற்றி விசாரித்தார் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். கத்துவாள், வேப்பிலை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மீனைக் கையில் பிடித்தபடி, "அவருக்குப் பல்லு எடுப்பா கீதா?" என்று கேட்டாள். முகம் தெரியவில்லை என்றேன். பிறகு ஈரக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "யாராண்டயும் சொல்லாத கண்ணு. உங்க நைனாவாண்ட சொல்லவே சொல்லாத." எழுந்து போய்த் தெருக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அவளுக்கும் பேய்ப் பயம் உண்டு என்று தெரிந்ததில் எனக்கு ஒரு ஆறுதல்.

மறுநாள் அத்தை காற்று வாங்கக் கிளம்பினாள், கையில் தூக்குச்சட்டியோடு. காற்று வாங்கப் போகிறவளுக்குச் சோறு எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, திறந்த வெளியில் உட்கார்ந்து தின்றால் உடம்புக்கு நல்லது என்று அந்த அதிகாரியே சொல்லியிருக்கிறார் என்றாள். அன்று முதல் தினமும் போனாள். நான் ஊஞ்சலில் இருந்தபடி பார்ப்பேன். கடைசிக் கொட்டகைக்குள் போவாள். மணி அடித்ததும் காலிச் சட்டியோடு தனியாக வருவாள். அத்தனை சோற்றையும் தின்றது யார் என்ற நினைப்பே எனக்குக் குளிர் காய்ச்சலைக் கொண்டுவந்தது.

துப்பட்டி உருவத்தை மற்றப் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். ஆள் பிடித்தவனின் ஆவி அடுத்த கப்பலுக்கு ஆள் சேர்க்க வந்திருக்கிறது என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது. மைதானத்தை மறுபடியும் பூட்டச் சொல்லி மனு எழுதினார்கள். கையெழுத்துப் போட எல்லாரும் கூடியபோது, திறக்கச் சொன்ன நைனா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அத்தை கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"பூட்டக் கூடாது. சர்க்காரு நமக்குன்னு தொறந்து வுட்டுகீது. அங்க யாரு வேணா வரலாம், யாரு வேணா குந்தலாம்" என்றாள்.

திறக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் பேசுகிற பேச்சா இது என்று எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நைனாவுக்கு ஒரே பெருமை. "ஆவியா வந்ததால உன் புருசன் தப்பிச்சான். உசுரோட வந்திருந்தா இங்கியே பொதச்சிருப்போம்" என்றாள் பிள்ளையை இழந்த ஒருத்தி. "மொதக் கல்லு நான் போட்டிருப்பேன்" என்றார் நைனா. அத்தை தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, கடல் கதவோரம் ஒரு பரதேசி செத்துக் கிடப்பதாகக் காவல்காரர் வந்து சொன்னார். பிள்ளைகள் எல்லாரும் ஓடினோம். அதே துப்பட்டியால் மூடியிருந்தார்கள். முகத்தை விலக்கிப் பார்க்க யாருக்கும் மனமில்லை. அநாதைப் பிணம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆவியும் இல்லை, பூதமும் இல்லை, யாரோ ஒரு பிச்சைக்காரன். மனுவைக் கிழித்துப் போட்டார்கள். அன்று சாயங்காலம் மழை விட்டதும் மைதானம் கொள்ளாத கூட்டம். இத்தனை நாள் எட்டிப் பார்க்காத பெண்கள்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசினார்கள். ஊஞ்சலுக்குச் சண்டை நடந்தது. அந்த அதிகாரி பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்.

அத்தையும் வழக்கம்போலச் சட்டியோடு வந்தாள். கடைசிக் கொட்டகைக்குள் போனவள், மணி அடிப்பதற்கு முன்பே வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள். சட்டி நிறையச் சோறு இருந்தது. புல்லில் உட்காரவைத்து, பிசைந்து, உருண்டை பிடித்து எனக்கு ஊட்டினாள்.

"காத்தால நீ போய்ப் பாத்தியா?"

"பாத்தேன் அத்தே."

"யார்னா அழுதாங்களா?"

"யாரு அழுவாங்க? யாரோ பரதேசிதானே?"

"ஆமா கண்ணு, யாரோதான்" என்று சொல்லி அடுத்த உருண்டையை என் வாயில் வைத்தாள்.

மறுநாள் அத்தை பொட்டு வைக்கவில்லை. ஆவி இல்லை என்று தெரிந்ததும் தெளிந்துவிட்டாள் என்று அம்மா சொன்னாள். எனக்குக் கல்யாணமாகி நானும் ஒரு புருஷனுக்குச் சோறு கொண்டுபோன பிறகுதான் கணக்குச் சரியாக விழுந்தது. மாமா ஏதோ ஒரு கப்பலில் திரும்பி வந்திருக்கிறார். தெருவுக்குள் கால் வைத்தால் கல் விழும், முதல் கல் அண்ணனுடையது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சர்க்கார் திறந்துவிட்ட அந்த ஒரு இடத்தில்தான் அத்தை தன் புருஷன் பக்கத்தில் உட்கார முடிந்தது. தம்பி என்ன ஆனான் என்று அவரிடம் முதலில் கேட்டிருப்பாள். அவர் என்ன சொன்னார் என்பதை அவள் யாருக்கும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

வாய்விட்டு அழ வேண்டியவள், யாராவது அழுதார்களா என்று ஒரு குழந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தக் குழந்தைக்கு அன்று தெரிந்ததெல்லாம், குழம்பில் கருவாடு நிறையப் போட்டிருக்கிறது என்பதுதான். சட்டி காலியாகும்வரை வாயைத் திறந்து திறந்து காட்டினேன்.