லீவருக்குள் போன சந்தனம்

என் அக்காள் புருஷனை நான் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதாகிவிட்டது, பழசையெல்லாம் விட்டுத்தள்ளுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. வீடு அருப்புக்கோட்டையில்; வேலை, திருச்சுழி ரோட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தினமும் போய்வந்தது, அப்பா கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த மூன்று கியர் சைக்கிளில். ஹேண்டில்பாரின் வலதுபக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு லீவர் இருக்கும். இழுத்தால் 'டிக்' என்று ஒரு கியர் விழும். எதிர்காற்றில் மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும்போது நான் உட்கார்ந்தபடியே போவேன். எனக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு. அப்பாவுக்கோ அது சாமி மாதிரி.

அந்த ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பந்தல்குடி ரோட்டோரத்தில் தையல்கடை. புது மாப்பிள்ளை என்று ஆயுத பூஜைக்கு அழைத்திருந்தோம். அம்மா சந்தனக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். மனிதர் அள்ளி அள்ளி வைத்தார். அரிவாள்மணைக்கு வைத்தார், தராசுக்கு வைத்தார், கியர் லீவரின் இடுக்கில் ஒரு கோலிக்குண்டு அளவுக்கு அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். பூஜையில் வைத்த பொருளை மறுநாள்வரை தொடக்கூடாது. ராத்திரி முழுக்க சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்தது.

விடிந்ததும் ஒரு சுற்றுப் போய்வருவதாகச் சொல்லி மச்சான்தான் முதலில் வண்டியை எடுத்தார். திரும்பி வந்து சுவரில் சாத்திவிட்டு, இட்லி சாப்பிட உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் லீவரைத் தொட்டால், அது செத்த பல்லி மாதிரி தொங்கியது. வண்டி கனமான கியரிலேயே நின்றுவிட்டது.

சந்தனத்தைக் காட்டி அப்பாவிடம் சொன்னேன். சாமிக்கு வைத்த சந்தனத்தையா குற்றம் சொல்கிறாய் என்றார். மச்சான் சட்னியைத் தொட்டுக்கொண்டே, என் பக்கம் கையைக் காட்டி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நேத்தே அது சரியில்ல மாமா. மாப்ளைக்கு கை கொஞ்சம் முரடு."

புது மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மச்சான் புதுத் தையல் மெஷின் ஒன்று வாங்கப்போகிறார், தீபாவளிக்கு முன்னால் அதற்குப் பூஜை. அன்றைக்கே சைக்கிளைத் தலைத்தீபாவளிச் சீராக அவருக்குக் கொடுத்துவிடுவது.

"பொருள வச்சுக்கிடத் தெரிஞ்சவுககிட்ட இருக்கட்டும். கெடுத்தவன் நீ, சரிபண்ணிக் குடு" என்றார் என்னிடம்.

சைக்கிள் போவது ஒரு பக்கம். அப்பா கண்ணில் நான் கைமுரடன் ஆகிவிட்டேன். அதுதான் சோற்றை இறங்கவிடவில்லை.

டவுனில் கேட்ட இடத்திலெல்லாம் இந்தச் சாமான் கிடைக்காது, கியரைக் கழற்றிப்போடு என்றார்கள். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் வேட்டியை விரித்து உட்கார்ந்தேன். கம்பியை விடுவித்து, லீவரைத் திருகிக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். கோணி ஊசியால் நோண்டினால் சந்தனம் கட்டிகட்டியாக வந்தது. அதற்கு அடியில், பல்லைப் பிடித்து நிறுத்துகிற சின்ன வில்கம்பி இரண்டாக ஒடிந்து கிடந்தது. இறுகிய லீவரை மச்சான் எதையோ கொடுத்து நெம்பியிருக்கிறார்; மேல்தகட்டில் கீறல்கூட இருந்தது.

அதற்கு மாற்றாக வைத்துப் பார்த்த குடைக்கம்பி தடியாக இருந்தது. ஊக்கு வளைந்து வளைந்தபடியே நின்றது. கடைசியில் பக்கத்துத் தெருத் தறியில் கழித்துப்போட்ட, இழை பிரிக்கிற அச்சிலிருந்து ஒரு கம்பியை உருவி, நறுக்கி, வளைத்து வைத்தேன். ஒவ்வொரு வளைப்புக்கும் மச்சானை ஒரு வசவு வைதேன். வசவு தீருவதற்குள் 'டிக்' கேட்டது. சந்தோஷம் வரவில்லை. ஒரு யோசனைதான் வந்தது. காய்ந்த சந்தனக் கட்டியையும் ஒடிந்த கம்பியையும் ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பூஜையன்று அப்பாவைக் கேரியரில் வைத்துப் பந்தல்குடிக்கு மிதித்தேன். வழியெல்லாம் கியர் மாறுகிற சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும்.

கடையில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். மெஷினுக்கு மாலை போட்டிருந்தது. மைத்துனன் என்ற முறையில் நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். சக்கரத்துக்கு ஒரு பொட்டு, மேசைக்கு ஒரு பொட்டு. பிறகு ஊசிக்குக் கீழே இருக்கிற தகட்டை நகர்த்தி, அடிநூல் பாபின் ஓடுகிற குழிக்கு நேராக ஒரு கோலிக்குண்டு அளவு சந்தனத்தைக் கொண்டுபோனேன். அவசரப்படவில்லை.

மச்சான் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாப்ள, அதுக்குள்ள வச்சிராத. காஞ்சா சிமிண்டா எறுகிரும். பெறகு நெம்புனா உள்ள இருக்க கம்பி ஒடிஞ்சுபோகும்."

"நெம்பிப் பாத்தீகளோ மச்சான்?" என்றேன்.

அவர் பிடி தளர்ந்தது. நான் தீப்பெட்டியைத் திறந்து, அந்தக் கட்டியையும் ஒடிந்த கம்பியையும் மெஷின் மேசையில், மாலைக்குப் பக்கத்தில் கொட்டினேன். கூடியிருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. குனிந்து அதைப் பார்த்தார், மாப்பிள்ளை முகத்தையும் பார்த்தார். அக்கா கொடுத்த காப்பியை மரியாதையாகக் குடித்து முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வண்டிய எடு, போவோம்" என்றார்.

திரும்பி வரும்போது எதிர்காற்று. உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவர் சொல்லுவார் சொல்லுவார் என்று ஊர் வரைக்கும் காத்திருந்தேன். சொல்லவில்லை. சாகிறவரைக்கும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, தானே வண்டியைப் பூட்டி, சாவியை என் பக்கம் நீட்டினார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை எனக்கு வராமல் போனதற்கும் மச்சான்தான் காரணம் என்று அவர் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மச்சான் கடைக்கு நல்ல சந்தனமாகப் பார்த்து ஒரு வில்லை வாங்கி அனுப்புகிறேன். சாமி காரியம், வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியாது. போன வருஷமும் அனுப்பினேன்.