தௌவுக்காரியின் சாட்சி

பெனாயாவைப் போன வியாழக்கிழமை புதைத்தோம். எங்கள் தீவில், நௌசோரி சந்தைக்கு எதிரே டாக்சி ஓட்டியவன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன்; பள்ளி வாத்தியாரான என் வீட்டுக்கு வந்தால் டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போவான். அவனை இன்னும் மோசமாக அலைக்கழித்தது, சில வருடங்களுக்கு முன் அவன்மேல் வந்த ஒரு வழக்கு.

சந்தை வாசலில் அவன் வண்டியை நிறுத்தி ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, மரவள்ளி விற்கும் தோரிகா தன் வேனைப் பின்னால் எடுத்து மோதினாள். அவன் டாக்சியின் முன்விளக்கு உடைந்தது, அவ்வளவுதான். அவன் கண்டவுத் தீவுக்காரன், அவள் லாவு தீவுகளின் பக்கம். இரண்டு ஊர்களும் தௌவு. குலதெய்வங்கள் உறவு என்பதால் தௌவுக்காரர்கள் ஒருவரையொருவர் எப்படி வேண்டுமானாலும் ஏசலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

"கண்ணத் தின்னுட்டியாடா, கண்டவுத் திருடா?" என்று இறங்கினாள் தோரிகா.

"உன்னத் தேடி வந்துதான் இடிச்சேன். தப்பிச்சுட்ட. அடுத்த தடவ சரியா இடிக்கிறேன்" என்றான் பெனாயா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தௌவு வழக்கம் இல்லாத ரொத்துமாத் தீவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த இளம் கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மாம்பழக் காலம் முடிந்து, எல்லோரும் மறந்த பிறகு அபராதச் சீட்டு வந்தது. கவனமின்றி ஓட்டினான், ஒப்புக்கொண்டான் என்று. கட்டிவிடலாம்தான். ஆனால் கட்டினால் குற்றம் பதிவாகும், டாக்சி உரிமம் போய்விடும். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. கோர்ட்டுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தான்.

சுற்றி நின்றவர்கள் சத்தம் கேட்டுக் கூடியவர்கள்; மோதியதைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடியவள் தோரிகா ஒருத்திதான். அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேச அவனால் முடியவில்லை. போகும்போதெல்லாம் அவள் முந்திக்கொள்வாள். "ஜெயில்ல மூணு வேளையும் மீன் போடுவாங்களாம். உனக்கு யோகம்தான்." இவன் வாயிலும் பதிலுக்கு ஏச்சுதான் வரும். திரும்பி வந்து என் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பான்.

"மாஸ்டர், நீங்க போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அவளுக்குச் சிரிப்புத்தான் வருது."

போனேன். கிழங்கைக் குவித்தபடி கேட்டாள்: "அழுதானா?"

"தூங்கறதில்ல."

"அவன் உள்ள போறதப் பாக்க நான் கண்டிப்பா வருவேன்னு சொல்லுங்க."

எதை நம்புவது என்று எனக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அபராதம் அவள் தலையில் விழும். அதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருக்கும்.

வழக்கு அன்று, வழக்கமில்லாத சட்டையும், வேட்டிபோல் இடுப்பில் சுற்றும் சூலுவும் உடுத்தி, பெனாயா கோர்ட் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தான். காவலர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். பெயர் கூப்பிடும் நேரத்தில் தோரிகா வந்தாள், கையில் பெரிய விசிறியோடு.

கான்ஸ்டபிள் கேட்டதைக் கேட்டபடி சொன்னார். பொய் எதுவும் இல்லை. அடுத்து தோரிகா.

"இவரைத் தெரியுமா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"தெரியும் ஐயா. படகு ஓட்டவே லாயக்கில்லாத ஆளு. இவனுக்கு டாக்சி குடுத்தது யாருன்னுதான் தெரியல."

பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. கான்ஸ்டபிள், நான் சொன்னேன் அல்லவா என்பதுபோல் நிமிர்ந்தார்.

"பைபிள் மேல கை வெச்சிருக்கீங்க. அன்னிக்கு வண்டி ஓட்டிட்டு வந்தாரா?"

தோரிகா விசிறியை மடக்கினாள்.

"இல்ல ஐயா. வண்டி நின்னுட்டிருந்துச்சு. நான்தான் பாக்காம பின்னால எடுத்தேன். அவன் சொன்னது தௌவுப் பேச்சு. அதுக்குத் தண்டிச்சீங்கன்னா கண்டவுல ஒருத்தனும் வெளியில இருக்க மாட்டான்."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார். வழக்கு தள்ளுபடி. உங்களுக்குத் தனியாகச் சீட்டு வரும் என்று அவளிடம் சொன்னார். "வரட்டும்" என்றாள்.

வெளியே வந்ததும் பெனாயா அவள் முன்னால் நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"என்னடா?"

"பொய்ச் சாட்சிக்கு உன்னத்தான் உள்ள போட்டிருக்கணும்."

"சந்தையில கொண்டுபோய் விடு. காசு தர மாட்டேன்" என்று முன்சீட்டில் ஏறினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். வண்டி ரேவா பாலத்தில் ஏறியது.

"ஏன் பேசாம வர்ற? செத்துட்டியா?" என்றாள்.

"ஓட்டிக்கிட்டிருக்கேன்ல" என்றான் பெனாயா.