காலியாக இருந்த தண்ணீர் பாட்டில்

யாரையும் சட்டென்று நம்புகிற ரகமில்லை நான். பால்காரர் எதிரிலேயே பாலை விரலில் தொட்டுப் பார்க்கிறவள். அம்மாவின் நினைவு நாளுக்குக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் சாப்பாடு போடலாம் என்று போன் செய்தேன். அதை நடத்துகிறவர், "சமைச்சு எடுத்துனு வராதீங்கம்மா, அரிசி பருப்பா குடுத்துடுங்க. போட்டோவும் வேணாம்" என்றார். விற்றுக் காசாக்கப் பார்க்கிறான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை வேறு. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்களில் கால் வைக்க இடமில்லை. செஞ்சியில் ஆட்டோ பிடித்தேன். இடத்தைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எய்ட்ஸ் பசங்க இருக்கிற வூடா?"

அரிசி மூட்டையை ரோட்டு முனையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். வீட்டுக்குப் போர்டு கிடையாது. தெருப்பக்க ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. திருட்டுத்தனம் இல்லாவிட்டால் போர்டு வைக்க என்ன கேடு?

நடத்துகிறவர் மூட்டையை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நன்றி சொன்னார். "பசங்க இன்னா சாப்புடறாங்கன்னு பாத்துட்டுதான் போவேன்" என்றேன். "வேணாம்மா, சங்கடப்படுவாங்க" என்றார். அவர் தடுக்கத் தடுக்க எனக்குச் சந்தேகம் ஏறியது. அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. குறை சொல்ல முடியாத சாம்பார் வாசனை. சின்னவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த பெண் வாளியோடு திரும்பினாள். நான் பாடம் எடுக்கிற வகுப்புப் பெண். தினமும் முதல் பீரியடுக்கு முன்னால் என் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து மேஜைமேல் வைக்கிறவள். மிஸ்ஸுக்குத் தண்ணீர் பிடிப்பது எங்கள் பள்ளியில் பெரிய கௌரவம், அதற்கு அடிதடியே நடக்கும். சித்தி வீட்டில் இருப்பதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

"ஸ்கூல்ல சொல்லிடுவீங்களா மிஸ்?"

"சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் நம்பவில்லை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், பால்காரரை நான் பார்க்கிற பார்வை.

வெளியே வந்தபோது நடத்துகிறவர் சொன்னார்: "அந்தப் பொண்ணு முன்னாடி படிச்ச ஸ்கூல்ல விஷயம் தெரிஞ்சி, மத்த புள்ளைங்களோட அப்பா அம்மால்லாம் கேட்ல வந்து நின்னுட்டாங்க. டிசி குடுத்து அனுப்பிட்டாங்க. உங்க ஸ்கூல்லதான் நிம்மதியா படிக்குது." அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாள் வகுப்பில் என் பாட்டில் காலியாக நின்றது. அவள் தலை நிமிரவில்லை. "நான் புடிச்சினு வரேன் மிஸ்" என்று இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். அவர்களை உட்காரச் சொன்னேன்.

"பாட்டில் காலியா இருக்குது, கண்ணு தெரியல?" என்று எப்போதும்போல அவளைத்தான் அதட்டினேன்.

பிடித்து வந்து வைத்தாள். இடத்துக்குப் போகாமல் மேஜையோரமே நின்றாள். மூடியைத் திறந்து குடித்தேன். அவள் கண் என் தொண்டையிலேயே இருந்தது. பாதி குடித்தும் நகரவில்லை. புடவையெல்லாம் சிந்த, மூச்சு முட்ட, மொத்தத்தையும் குடித்து முடித்தேன்.

"இன்னொரு வாட்டி புடிச்சினு வரட்டா மிஸ்?" என்றாள், இன்னும் நம்பாமல்.

"கொண்டா" என்றேன்.