கழிமேட்டில் வாய் வெட்டிய நாள்

போன ஐப்பசியில் கழிமேட்டுக்குப் போய் ஒரு பகல் இருந்துவிட்டு வந்தேன். ராயபுரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்தவன் நான். கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே மணல்திட்டு மறித்துத் தேங்கி நிற்கும் உப்புநீர்ப் பரப்பை உப்பங்கழி என்பார்கள் என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அப்படி ஒன்று நமக்கு வடக்கே எண்ணூரிலேயே இருந்தும், வேலையில் இருந்தவரை அதன் கரையில் ஒரு பொழுது உட்கார்ந்ததில்லை. மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில் கிளம்பினேன். போக நினைப்பவர்களுக்கு வழி தெரியட்டும் என்று எழுதுகிறேன். உல்லாசப் பயணம் என்று நினைத்து யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

ராயபுரத்தில் காலை ஏழு மணி வண்டி. எண்ணூருக்கு மூன்றாம் வகுப்பில் இரண்டரையணா. வண்டியில் ஒரே கூட்டம், மூங்கில் கூடை, கருவாட்டு வாசனை. திருவொற்றியூரில் ஏறியவர்கள் எல்லாரும் கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டதைப் பற்றியே பேசினார்கள். இதற்குப் பிள்ளைகளிடம் ஓர் உதாரணம் சொல்வதுண்டு. மழைநாளில் தெருவோரம் ஓடும் தண்ணீரில் குறுக்கே கையை வைத்துப் பாருங்கள். கைக்கு இந்தப் பக்கம் மண் சேரும், அந்தப் பக்கம் மண் கரையும். துறைமுகச் சுவர் அந்தக் கை. தெற்கே மணல் மேடாகிறது, வடக்கே ராயபுரம் முதல் கரை தேய்கிறது.

எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை ஒரு மைல். அங்கே சின்னத்தம்பி என்ற படகுக்காரர் கிடைத்தார். போக வர ஆறணா பேசினேன். கழிமேடு மூன்று மைல்தான், ஆனால் ஆழமில்லாத தண்ணீரில் கழை ஊன்றித் தள்ளிப் போக ஒன்றரை மணி பிடித்தது. மேகம் தாழ்ந்து, தண்ணீரும் வானமும் ஒரே ஈயநிறம். மேற்கே உப்பளப் பாத்திகள் மழையில் கரைந்து கிடந்தன. தென்கரையில் அந்தக் காலத்துத் துரைமார் காற்று வாங்கக் கட்டிய பங்களாக்களின் மொட்டைச் சுவர்கள். கூரைமரத்தை யாரோ எப்போதோ கழற்றிப் போய்விட்டார்கள்.

கழிமேடு ஏரியின் வடகரையில் நீளவாக்கில் கிடக்கும் மணல்மேடு. அவ்வளவுதான் ஊர். ஊரார் கழி என்பதில்லை, ஏரி என்றே சொல்கிறார்கள். ஊர் இரண்டு தடவை இடம் மாறியதாம். முதல் ஊர் கடலுக்குள் இருக்கிறது. அமைதியான நாட்களில் அங்கே வலை போட்டால் கிணற்றுச் செங்கல்லில் சிக்கும் என்கிறார்கள். சமீபத்தில்தான் ஜில்லா போர்டார் இதைத் தனிப் பஞ்சாயத்தாக்கினார்கள். அதற்கு அடையாளம் ஒரு பலகையும் ஒரு மண்ணெண்ணெய் விளக்குக் கம்பமும். எண்ணெய் வாங்க நாதியில்லாததால் விளக்கு எரிவதில்லை. இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

படகு கரை தட்டியதும் ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தாள். பெயர் அஞ்சலை. ஆடி மாதம் புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள் என்று பிறகு தெரிந்தது.

"ஐயா, ரயில்லயா வந்தீங்க? அதுல எந்தம்பி வந்தானா? கட்டையா இருப்பான், செவப்புத் துண்டு கட்டிகினு."

"ரயிலு முழுக்க ஆளுங்க. வாத்தியாரு எவன் தலையன்னு பாப்பாரு?" என்றார் சின்னத்தம்பி.

"உன்ன கேக்கல நைனா. அவர கேட்டேன்."

நான் பார்க்கவில்லை என்றேன். அவள் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதற்குக் காத்திருந்தாள் என்பது புரிய ஊர்வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடையில் கடல் மணலைத் தள்ளி ஏரியின் வாயை மூடிவிடும். வாயைத் துணியால் கட்டிய பானை மாதிரி ஏரி உள்ளேயே புளித்துப்போகும். மழை பெய்து நீர் ஏறியதும் ஊரே சேர்ந்து அந்த மணலை வெட்டித் திறக்கும். ஏரித் தண்ணீர் ஓடிக் கடலில் விழும், பிறகு கடல் ஏறும்போது இறால் உள்ளே வரும். இதை வாய் வெட்டு என்கிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை மண்வெட்டி பிடிக்க வேண்டும். பிடித்த வீடுகளுக்குத்தான் அந்த வருஷம் பாடு. அதாவது, ஏரியில் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வதில் பங்கு. ஆள் வராத வீட்டுக்கு அந்த வருஷம் பாடு இல்லை. அடுப்பு அணைந்து பூட்டிய வீட்டுக்கு என்றைக்குமே இல்லை.

அன்றைக்குத்தான் வாய் வெட்டு. அஞ்சலை வீட்டில் வேறு ஆண் கிடையாது. ராயபுரத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தம்பி முனுசாமிக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்.

மணல்திட்டில் ஆண்கள் இடுப்பளவு பள்ளத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். பெண்கள் அங்கே கால் வைத்தால் வாய் சீக்கிரம் மூடிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

"எங்கள பாத்தா ஏரி வாய் மூடிக்குமாம். உங்க வாய் என்னிக்கி எங்கள பாத்து மூடிச்சி?" என்றாள் அஞ்சலை. பள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரும் அவளிடம் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.

பெரியதனக்காரர் ஆறுமுகம் ஊர்த்தலைவர். பஞ்சாயத்து போர்டுக்கும் அவரே தலைவர். அவரிடம் போய், அந்த வீட்டுக்காக நான் பிடிக்கிறேனே என்று கேட்டேன்.

"நீங்க புடிச்சா உங்க வூட்டுக்குத்தான் பாடு வாத்தியாரே. ராயபுரத்துல தெருவுல கட்டுங்க வலைய."

கேலிதான், ஆனாலும் மனிதர் கல்நெஞ்சர் இல்லை. பள்ளம் கடலைத் தொட ஒரு முழம் மண் பாக்கி இருந்தபோது எல்லாரையும் நிறுத்தினார். பீடி பற்ற வைத்தார், அணைந்தது, மறுபடி பற்ற வைத்தார். தெற்கே பார்த்தார். முணுமுணுப்பு கிளம்பியது.

"இன்னா பெரியவரே, கடல் எறங்கிக் கீது. ஏற ஆரம்பிச்சா தண்ணி ஓடாது. ஒரு வூட்டுக்காக ஊரே பட்டினியா?"

"தெரியும்டா. எனக்கும் கண்ணு கீது."

இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு அஞ்சலையின் பக்கம் பார்க்காமல் கையைக் காட்டினார். கடைசி மண் சரிந்தது. முதலில் ஒரு விரல் அகலத் தண்ணீர். பிறகு முழம். எல்லாரும் வடபக்கம் தாவி ஏறினோம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கரையும் பாளம் பாளமாக இடிந்து விழுந்து, பத்து ஆள் அகலத்துக்கு ஓர் ஆறு ஓடியது.

அப்போதுதான் தென்பக்க மணலில் சிவப்புத் துண்டு தெரிந்தது. முனுசாமி ஓடி வந்தான், தோளில் மண்வெட்டி. வாய் மூடியிருந்தால் அந்த வழியாகக் கால் நனையாமல் கழிமேட்டுக்கு வந்திருக்கலாம். ஓட்டத்தைக் கண்டு அப்படியே நின்றான். கையைத் தூக்கி ஏதோ கத்தினான். அலையிரைச்சலில் காதில் விழவில்லை. பிறகு, தான் நின்ற கரையிலேயே வெட்ட ஆரம்பித்தான். வெட்டி வெட்டி மண்ணைத் தண்ணீரில் தள்ளினான்.

"வெட்டறான் பாருங்க, எந்தம்பி வெட்டறான்," என்றாள் அஞ்சலை.

 வெட்டியவர்களில் ஒருவர் சொன்னார்: "தண்ணி ஓடினப்புறம் வெட்னா அது வாய் வெட்டு இல்லமா. சும்மா குழி தோண்டறது."

பெரியதனக்காரர் மறுக்கவில்லை. சாயங்காலம் அவள் வீட்டை விட்டுவிட்டுச் சீட்டுப் போட்டார்கள்.

கடல் ஏறி ஓட்டம் தணிந்ததும், படகில் போய்த் தம்பியை அழைத்துவருகிறேன் என்றார் சின்னத்தம்பி. அஞ்சலை தடுத்துவிட்டாள்.

"வாணாம் நைனா. இந்தாண்ட வந்தான்னா கூட வான்னுவான். நானும் கெளம்பிடுவேன். அடுப்பு அணைஞ்சா பங்கு போயே பூடும். அடுத்த வாய் வெட்டுக்கு மொத நாளே வரச் சொல்லு. அதுக்கு முன்ன இங்க வரவே வாணாம்."

"அதுவரிக்கும் எத்த துன்னுவ?"

"கிளிஞ்சல் பொறுக்கறேன். அதுக்குச் சீட்டு கெடையாதே."

திரும்பும் வழியில் தென்கரையில் படகை ஒதுக்கி முனுசாமியை ஏற்றிக்கொண்டோம். அவள் சொன்னதை நான்தான் அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது.  கேட்டுவிட்டு, "காலைல கப்பல் வந்துட்ச்சி சார். மேஸ்திரி வுடல. ரயில் பூட்ச்சி. கரையோட ஓடியாந்தேன், திருவொத்தியூராண்ட கரையே இல்ல. கடல் துன்னுட்ச்சி. முள்ளுக்குள்ள பூந்து சுத்திகினு வந்தேன்," என்றான். எண்ணூர் ஸ்டேஷன் வரை அந்த மண்வெட்டியை அவன் கீழே வைக்கவில்லை.

பிள்ளைகளுக்குச் சொன்ன துறைமுகச் சுவர் உதாரணத்தை இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்ல மனம் வருவதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். குடிதண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே ஊற்றுநீர் உவர்க்கும். தை வரை ரயிலும் படகும்தான் வழி. பங்குனிக்கு மேல் எண்ணூரிலிருந்து கரையோடு நடக்கலாம், ஆனால் முகத்துவாரத்து மணல் கெட்டியா என்று அங்குள்ள குப்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளிஞ்சல் வாங்கினால் வடகோடியில் தனியாக இருக்கும் வீட்டில் வாங்குங்கள். பேரம் வேண்டாம். அந்தக் கூரையில் புகை வருகிறதா என்று படகிலிருந்தே தெரியும். திரும்பி வந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். முனுசாமி ஞாயிறுதோறும் என் வீட்டு வாசலில் வந்து நின்று, அந்தப் பக்கம் யாராவது போனார்களா என்று கேட்கிறான்.